ஆயில் இல்லாத ஜீப்

தவமணி அம்மாவைவிடப் பொன்னுரங்கம் இருபது வயது மூத்தவர். ஆனாலும் அவர்தான் சீடர்.

பழனி மலையின் மேல்பக்கம், தார்ச்சாலை முடிந்த பிறகும் மண்சாலையில் வெகுதூரம் ஏறினால் அந்த இடம் வரும். மலைக்காரர்கள் அதை ஆசிரமம் என்றார்கள். ஒரு கூடம், ஒரு சமையலறை, கட்டில்கள் போட்ட ஒரு சிறிய மருத்துவ அறை, அவ்வளவுதான். தவமணி அம்மா ஒருகாலத்தில் நர்ஸாக இருந்தவர். அவருடைய குரு கண்ணை மூடுமுன் அந்த இடத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். காலையில் அம்மா புண்ணுக்குக் கட்டுப் போடுவார், மருந்து கொடுப்பார். மாலையில் கூடத்தில் உட்கார்ந்திருப்பார். யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்வார். பல நாள் அதுவும் சொல்லமாட்டார்.

பொன்னுரங்கம் கூட்டுறவு நூற்பாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். நூலைக் கருவியில் மாட்டி, முறுக்கையும் பலத்தையும் பார்த்து, தேறியது, தேறாதது என்று பிரிப்பது அவர் வேலை. ஓய்வுக்குப் பிறகு ஒருநாள் ஒரு பையோடு மலைக்கு வந்தார். திரும்பிப் போகவில்லை.

அவருக்கு அங்கே கிடைத்த பொறுப்பு ஜீப். முன்பு அதை ஓட்டியவர் தன் மகளின் ஊருக்கே போய்விட்டார். எஸ்டேட்டில் ஓடிய டீசல் வண்டி அது. தேவைப்பட்டால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். ஆம்புலன்ஸ் அந்த மண்சாலையில் ஏறாது. மேலே உள்ள தோட்டங்களில் யாருக்கு எது நடந்தாலும் இந்த ஜீப்தான் அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு இறங்க வேண்டும். பொன்னுரங்கத்துக்கு அது தெரியும். தினமும் விடிந்ததும் முதலில் வண்டியைத்தான் போய்ப் பார்ப்பார்.

தை மாதத்தில் ஒருநாள், என்ஜின் ஆயில் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டதைப் பார்த்தார். ஆயில் வாங்குவதற்கு ஜீப்பிலேயே டவுனுக்கு இறங்கினார்.

குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது.

கடைக்காரர் அவரிடம், எந்த ஆயில் வேண்டும், சாதாவா, ஃபுல் சிந்தெடிக்கா என்று கேட்டார். வித்தியாசம் என்ன என்று இவர் கேட்டார். சாதா ஆயில் பூமியிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்தது, ஃபுல் சிந்தெடிக் முழுக்க ஆலையில் வைத்து ஒரே சீராகச் செய்தெடுத்தது என்றார் அவர். குளிரில் கெட்டிப்படாது, சூட்டில் நீர்த்துப்போகாது, ரொம்ப நாள் உழைக்கும். மலையில் ஓட்டுகிறவர் வேறு எதையும் தொடக்கூடாது என்று சொல்லி ஒரு கேனை எடுத்து முன்னால் வைத்தார்.

பொன்னுரங்கம் அதை வாங்கவில்லை. அடுத்த தெருவில் இருந்த மெக்கானிக்கிடம் போனார். அவர் சிரித்தார். இந்த வயசான என்ஜினுக்கு எதற்கு அதெல்லாம், இத்தனை வருஷம் சாதா ஆயிலில்தானே ஓடியது என்றார். உள்ளே இருக்கிற ரப்பர் சீல்கள் பழசு, மெல்லிய ஆயிலை ஊற்றினால் கசியும் என்றும் சொன்னார்.

டீக்கடையில் ஒருவர், ராணுவத்தில் வண்டி ஓட்டியவர், அதெல்லாம் பழைய பேச்சு, கசிகிற சீல் எந்த ஆயிலிலும் கசியும் என்றார். இன்னொருவர் குறுக்கே புகுந்து, எந்த ஆயில் என்பதே முக்கியமில்லை, நேரத்துக்கு மாற்றுகிறோமா என்பதுதான் முக்கியம் என்றார். பொன்னுரங்கம் வண்டியோடு வந்த கையேட்டைப் பிரித்துப் பார்த்தார். அதில் இரண்டு வகை போட்டிருந்தது. ஊரின் தட்பவெப்பத்தைப் பொறுத்து இரண்டில் எதையும் ஊற்றலாம் என்று இருந்தது. செல்போனில் வீடியோக்களைப் பார்த்தார். முதல் வீடியோ ஒன்று சொன்னது. அடுத்தது அதை மறுத்தது. மூன்றாவது இரண்டு பேரையும் திட்டியது.

கடைசியில் அவர் இரண்டு கேனையும் வாங்கிக்கொண்டு மலைக்குத் திரும்பினார்.

என்ஜின் சூடாக இருக்கும்போதே பழைய ஆயிலை இறக்கிவிட வேண்டும் என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போயிருந்தார்கள். அதனால் வந்ததும் அடியில் படுத்து, ஆயில் இறங்கும் திருகாணியைக் கழற்றி, பழைய ஆயிலை இறக்கினார். கறுப்பாக வந்தது. புது ஃபில்டரை மாட்டினார். திருகாணியை இறுக்கினார். கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கேனுக்கும் முன்னால் நின்றார்.

ஃபுல் சிந்தெடிக் கேனைத் தூக்கினார். சீல் கசிந்தால் என்ன செய்வது என்று தோன்றியது. கீழே வைத்தார். சாதா கேனைத் தூக்கினார். உறைபனி விழுகிற காலையில் என்ஜின் தேய்ந்துபோனால் என்ன செய்வது என்று தோன்றியது. அதையும் கீழே வைத்தார். கேன்களின் பின்னால் இருந்த சின்ன எழுத்துகளைக் கண்ணாடி போட்டுப் படித்தார். வெளிச்சம் மங்கும்வரை படித்துவிட்டு, ஒன்றையும் ஊற்றாமல் எழுந்து போனார்.

மறுநாள் காலை இரண்டு கேனையும் தூக்கிக்கொண்டு மருத்துவ அறைக்கு வந்தார். அம்மா கட்டுப் போடும் காஸ் துணியை வெட்டிக்கொண்டிருந்தார். பொன்னுரங்கம் கேன்களை அவர் முன்னால் வைத்து, கடைக்காரர் சொன்னது, மெக்கானிக் சொன்னது, கையேடு சொன்னது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அம்மா வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கடைசிவரை கேட்டார்.

“இதுல எதும்மா சிறந்தது?” என்றார் பொன்னுரங்கம்.

“எனக்குத் தெரியாதுங்கய்யா.”

பொன்னுரங்கம் இதை எதிர்பார்க்கவில்லை. “நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்மா. நான் ஊத்திடுவேன்.”

“அப்படின்னா ஊத்துறது யாரு, நீங்களா, நானா?”

பொன்னுரங்கம் இரண்டு கேனையும் பார்த்தார்.

“எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்” என்றார் அம்மா. “நீங்க எதை ஊத்தினாலும் அந்த வண்டியில நான் ஏறி உட்காருவேன்.”

இதைக் கேட்டால் மனம் லேசாகும் என்று அம்மா நினைத்தாரோ என்னவோ, பொன்னுரங்கத்துக்குப் பயம்தான் அதிகமானது. கேன்களைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பினார். அதுவரை கெட்டுப்போனால் வண்டிதான் கெட்டுப்போகும் என்று நினைத்திருந்தார். இப்போது அதற்குள் அம்மாவும் வந்து உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா நிஜமாகவே வந்தார். கையில் காஸ் துணியும் கத்தரிக்கோலும் இருந்தன. ஜீப்பின் முன்கதவைத் திறந்து, ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து வெட்ட ஆரம்பித்தார்.

பொன்னுரங்கம் அவசரமாக வந்து, எங்காவது போக வேண்டுமா என்று கேட்டார்.

“இல்லைங்கய்யா. இது எங்கயும் போகாதே. அதான் இங்க வந்தேன்.”

அது கேலியா, கோபமா என்று அவருக்குப் புரியவில்லை. அம்மாவின் முகத்தில் இரண்டும் இல்லை. மருந்துக்கு வந்தவர்கள் மருத்துவ அறையில் பார்த்துவிட்டு, தேடிக்கொண்டு ஜீப்புக்கு வந்தார்கள். அம்மா அங்கிருந்தபடியே ஒருவருக்குக் காய்ச்சல் பார்த்தார். ஒருவருடைய கால் கட்டை அவிழ்த்துக் கட்டினார். சாப்பாட்டையும் அங்கேயே வாங்கிச் சாப்பிட்டார். ஜீப் கிளம்பாது என்பதால் கீழ் எஸ்டேட்டுக்கு ஆள் அனுப்பி, அவசரம் என்றால் அவர்களுடைய வண்டியைத் தரும்படி சொல்லி வைத்தார். அதையும் பொன்னுரங்கம் கேட்கும்படிதான் சொன்னார். அவரிடம் மட்டும் எதுவும் சொல்லவில்லை.

பொன்னுரங்கம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கண்ணாடியைத் துடைத்தார். டயரில் காற்று பார்த்தார். அம்மா எதைச் சொல்லிக்கொடுக்க அப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று யோசித்தார். பொறுமையைப் பற்றியா? அசையாமல் இருப்பதைப் பற்றியா? சீக்கிரம் ஊற்று என்பதுதான் பொருள் என்றால் அதை வாயால் சொல்லலாமே. ஊற்றாதே என்பது பொருளாக இருக்குமோ? ஆயிலை விட்டுவிட்டு இப்போது அம்மாவைப் பற்றிக் குழம்பினார். முந்தின நாளைவிட நிலைமை மோசமாயிற்று.

வெயில் இறங்கியபோது பொறுக்கமுடியாமல் கதவருகே வந்து நின்றார்.

“அம்மா, நான் தப்பானதை ஊத்திட்டா?”

“ஊத்திட்டா?”

“என்ஜின் போயிடும்மா.”

“இப்ப இருக்குதா?” என்று கேட்டார் அம்மா.

பொன்னுரங்கம் ஜீப்பின் மூடியைப் பார்த்தார். அதற்குள் என்ஜின் இருந்தது. ஆனால் ஆயில் இல்லாமல் அது ஓடாது. அம்மா துணிகளை மடித்து எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். மாலையில் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது பொன்னுரங்கம் ஒரு மூலையில் இருந்தார். காலையில் எழுந்ததும் ஊற்றிவிடுவது என்று முடிவு செய்தார். எதை என்பதை முடிவு செய்யவில்லை.

காலையில் உறைபனி இறங்கியிருந்தது. புல்லெல்லாம் வெள்ளை. பொன்னுரங்கம் கொட்டகையைத் திறந்தபோதே மேல் தோட்டத்துப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. ஆட்கள் ஓடிவந்தார்கள். கம்பளியின் நாலு மூலையையும் பிடித்து ஒரு பெண்ணைத் தூக்கிவந்தார்கள். பூண்டுத் தோட்டத்துச் செவத்தியானின் மனைவி ஆரோக்கியம். விடியலில் தோட்டத்துக்குப் போனவளைக் காட்டுமாடு முட்டிவிட்டது. பனிமூட்டத்தில் அது நிற்பது அவளுக்குத் தெரியவில்லை. கொம்பு வயிற்றில் ஏறியிருந்தது. கம்பளி நனைந்து சொட்டியது.

அம்மா ஓடிவந்து, கம்பளியை விலக்கிப் பார்த்தார். அருகில் மண்டியிட்டு, துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினார். ஒருவர் எஸ்டேட்டுக்குப் போன் செய்தார். அவர்களுடைய வண்டி காய்கறி ஏற்றிக்கொண்டு இருட்டிலேயே சந்தைக்கு இறங்கிவிட்டது என்றார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் தார்ச்சாலைச் சந்திப்பு வரைதான் வரும், அதுவும் அடிவாரத்திலிருந்து ஏறி வரவேண்டும்.

எல்லாரும் ஜீப்பைப் பார்த்தார்கள். செவத்தியான் பொன்னுரங்கத்தைப் பார்த்தார். “வண்டியை எடுங்கய்யா” என்றார். வண்டியில் ஆயில் இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

பொன்னுரங்கம் கொட்டகைக்குள் ஓடினார். இரண்டு கேனும் வைத்த இடத்தில் இருந்தன. இரண்டையும் இரண்டு கையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, அம்மாவிடம் போய் நின்றார்.

“அம்மா, எதை ஊத்தட்டும்?”

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் கைகள் அழுத்திக்கொண்டிருந்தன. ஆரோக்கியத்தின் காதருகே குனிந்து, கண்ணை மூடாதே, என்னோடு பேசு என்று சொல்லிக்கொண்டிருந்தார். பொன்னுரங்கம் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

பொன்னுரங்கம் ஒரு கணம் நின்றார். பிறகு திரும்பி ஜீப்பின் மூடியைத் தூக்கினார். என்ஜினில் கை வைத்தார். ஐஸ்போல இருந்தது. இரண்டு இரவாக ஆயில் இல்லாமல் காய்ந்து கிடந்த இரும்பு. அவர் இரண்டு கேனையும் திறந்து, சாதா ஆயிலை உள்ளங்கையில் கொஞ்சம் சாய்த்தார். குளிரில் அது இறங்க மனமில்லாமல் கெட்டியாக வந்தது. மற்றக் கையில் ஃபுல் சிந்தெடிக்கைச் சாய்த்தார். விரலிடுக்கில் ஓடித் தரையில் விழுந்தது.

அதற்குமேல் அவர் எதையும் படிக்கவில்லை. ஓடிய ஆயிலை ஊற்றினார். கேன் காலியாகும்வரை ஊற்றி, குச்சியை எடுத்து அளவு பார்த்து, ஆயில் வாயின் மூடியை இறுக்கினார். பின் இருக்கைகளை மடக்கி ஆரோக்கியத்தை ஏற்றினார்கள். அம்மா கையை எடுக்காமலே கூட ஏறினார். செவத்தியான் மனைவியின் தலையை மடியில் வாங்கிக்கொண்டார்.

சாவியைத் திருப்பியதும் என்ஜின் கிளம்பியது. கடமுடவென்று காய்ந்த சத்தம். முன்னால் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. அது அணைந்தால்தான் ஆயில் மேலே ஏறிவிட்டது என்று பொருள். பொன்னுரங்கம் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் அதையே பார்த்தார். பின்னால் ஆரோக்கியம் முனகினாள். விளக்கு எரிந்தது. ஊற்றியது தப்பு என்று அவருக்குள் ஒரு குரல் சொன்னது. அதற்குள் விளக்கு அணைந்தது. சத்தம் அடங்கி என்ஜின் சீரானது.

அவர் கியரைப் போட்டார்.

ஊற்றுத் தண்ணீர் எப்போதும் ஓடுகிற பள்ளத்தில் சேறு முட்டளவு இருந்தது. நாலு சக்கர இழுப்பைப் போட்டு, சின்ன கியரில், வண்டியைக் குலுக்காமல் இறக்கி ஏற்றினார். வண்டி சறுக்கியது, பிடித்தது, மறுபடி சறுக்கிப் பிடித்தது. பள்ளத்தைத் தாண்டியதும் மெக்கானிக் சொன்ன சீல் ஞாபகம் வந்தது. கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். சாலையில் ஆயில் சொட்டியிருந்தாலும் சேற்றில் தெரிந்திருக்காது. என்ஜின் சத்தத்தைக் கவனித்துக் கேட்கப் பார்த்தார். ஆரோக்கியத்தின் மூச்சுத்தான் கேட்டது. தார்ச்சாலை வந்த பிறகு எந்தச் சத்தத்தையும் கவனிப்பதை விட்டுவிட்டு, வளைவுகளை மட்டும் பார்த்து ஓட்டினார்.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் அவளை நேராக ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோனார்கள். கதவு மூடியது.

மூன்று பேரும் வராந்தாவில் காத்திருந்தார்கள். செவத்தியான் கதவுக்கு எதிரே சுவரோரமாகக் குந்தியிருந்தார். வாய்க்குள் ஜெபம் ஓடிக்கொண்டிருந்தது. பொன்னுரங்கம் வெளியே போய் ஜீப்பின் அடியில் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தண்ணீர் சொட்டியது, சேறு சொட்டியது, ஆயில் சொட்டுகிறதா என்று அவரால் சொல்ல முடியவில்லை. அம்மா கையைக் கழுவிவிட்டு டீ வாங்கிவந்து கொடுத்தார். பொன்னுரங்கம் அதைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

“இந்த மாதிரி கதவுக்கு வெளியில நான் இதுக்கு முன்னாடியும் உட்கார்ந்திருக்கேம்மா” என்றார்.

அவர் யாரிடமும் சொல்லாத விஷயம் அது. அவருடைய மனைவி விசாலத்துக்குத் தலையில் கட்டி வந்திருந்தது. ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி, கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி. பொன்னுரங்கம் விசாரிக்காத ஆள் இல்லை. அங்கே போய்வந்தவர்களைத் தேடிப்போய்க் கேட்டார். டாக்டர்கள் படித்த படிப்பைக் கேட்டார். நூலைப் பரிசோதிப்பதுபோல எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்துவிட்டு, கோயம்புத்தூர் என்று முடிவு செய்தார். விசாலம் சரி என்றாள். உங்களுக்குத் தெரியாததா என்றாள். உள்ளே போனவள் கண் விழிக்கவில்லை. அங்கே யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. அவருக்கே அது தெரியும். ஆனால் சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது விசாலத்தின் தம்பி ஒரு வார்த்தை சொன்னார். மதுரைக்குக் கொண்டுபோயிருந்தால் அக்கா இருந்திருக்கும் என்றார். துக்கத்தில் சொன்னதுதான். பிறகு ஒருநாளும் அவர் அதைச் சொன்னதில்லை.

பொன்னுரங்கத்துக்கு அது போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு கடையில் சோப்பு வாங்கக்கூட அவரால் முடியவில்லை. பக்கத்தில் நிற்பவர் எதை வாங்குகிறாரோ அதையே வாங்கிக்கொண்டு வருவார். மலைக்கு வந்ததற்குக்கூட அதுதான் காரணம். இங்கே எல்லாவற்றையும் அம்மா சொல்லிவிடுவார் என்று நினைத்தார்.

சொல்லி முடித்தபோது டீ ஆறியிருந்தது. அம்மா ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. ஆறிய டீயை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்.

“காலையில ஏங்கய்யா அந்தக் கேனை எடுத்தீங்க?”

பொன்னுரங்கம் யோசித்தார். “என்ஜின் காஞ்சு கெடந்துச்சு. ஐஸா இருந்துச்சு. ரெண்டையும் கையில விட்டுப் பார்த்தேன். இதுதான் ஓடுச்சு. சீக்கிரம் மேல ஏறும்னு நினைச்சேன்.”

“வேற எதாவது தெரிஞ்சும் விட்டுட்டீங்களா?”

“இல்லம்மா. அந்த நேரத்துல அவ்வளவுதான் தெரிஞ்சுது.”

“அப்படின்னா சொல்லுங்க. சரியான ஆயிலா அது?”

பொன்னுரங்கம் மூடிய கதவைப் பார்த்தார். “அதை இப்ப எப்படிம்மா சொல்றது? டாக்டர் வெளிய வரட்டும். வந்தாத்தான் தெரியும்.”

அம்மா தலையசைத்தார். அதற்கு ஒத்துக்கொண்டதாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். செவத்தியானுக்கு அருகில் போய் அவரும் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

வெயில் வராந்தாவுக்குள் வந்தது. ஒரு நர்ஸ் உள்ளே போனார், வெளியே வந்தார், எதுவும் சொல்லாமல் போனார். பொன்னுரங்கத்துக்கு அம்மா கேட்டதே திரும்பத் திரும்ப வந்தது. ஆயிலைப் பற்றி இப்போது ஏன் கேட்க வேண்டும்? வண்டிதான் வந்து சேர்ந்துவிட்டதே. சேர்ந்துவிட்டதால் சரியான ஆயில் என்று சொல்லியிருக்க வேண்டுமோ? ஆனால் உள்ளே அவள் பிழைக்காவிட்டால், வந்து சேர்ந்து என்ன பயன்? சாதா ஆயிலை ஊற்றியிருந்தால் இன்னும் நேரமாகியிருக்குமா? முந்தாநாளே ஊற்றியிருந்தால் எவ்வளவு நேரம் மிச்சமாகியிருக்கும்? இந்தக் கடைசிக் கேள்வி வந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கதவு திறந்தது. டாக்டர் முகத்துணியை இறக்கிக்கொண்டே வந்தார். செவத்தியான் எழ முயன்று, கால் மரத்துப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டார். ரத்தம் நிறையப் போயிருக்கிறது, குடலில் கிழிசல் இருந்தது, தைத்துவிட்டோம் என்றார் டாக்டர். பிழைத்துக்கொள்வாள், ஆனால் நாலைந்து நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார். செவத்தியான் டாக்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அழுதுகொண்டே பொன்னுரங்கத்திடமும் வந்து அவர் கையைப் பிடித்தார். அந்தக் கையில் இன்னும் ஆயில் இருந்தது.

செவத்தியான் மனைவியைப் பார்க்க உள்ளே போன பிறகு பொன்னுரங்கம் அம்மாவிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. முகத்தில் பல வருஷமாக இல்லாத ஒரு வெளிச்சம் இருந்தது.

“அம்மா, இப்ப சொல்லலாம். நான் ஊத்தினது சரியான ஆயில்தான்.”

தவமணி அம்மா தரையிலிருந்து எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“டாக்டர் கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடியும் அது சரியான ஆயில்தாங்கய்யா” என்றார். “அவர் வேற சேதியோட வந்திருந்தாலும்.”

பொன்னுரங்கம் வெளியே போய் ஜீப்பில் ஏறினார். இந்த முறை அடியில் குனிந்து பார்க்கவில்லை.